பைண்டு செய்த தொடர்கதை

மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தபோது சௌந்தரவல்லிக்கு அறுபது வயது. குரு யோகாம்பாள் அவளைவிட இளையவர். சௌந்தரவல்லி அவரை அம்மா என்பாள். அவர் இவளை அக்கா என்பார். மற்ற பெண்கள் சிரித்துக்கொள்வார்கள்.

தீட்சைக்கு முன் பிரியமான ஒரு பொருளைக் குருவிடம் ஒப்படைக்க வேண்டும். ஒருத்தி மூக்குத்தியைக் கொடுத்தாள். இன்னொருத்தி கல்யாணப் படத்தை. சௌந்தரவல்லி கொடுத்தது ஒரு தொடர்கதை. பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்தெடுத்து, காலண்டர் அட்டை போட்டு, கோணி ஊசியால் தைத்தது.

"இதையா இத்தனை நாள் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாய்?" என்றாள் மூக்குத்தி கொடுத்தவள்.

யோகாம்பாள் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

"அடுப்படியில் நின்றுகொண்டே படித்தது, அம்மா. கதையில் வருகிறவளுக்காக அழுதே என் ஆயுசு போய்விட்டது. எனக்கென்று எதுவும் செய்துகொள்ளவில்லை. இதை எரித்துவிடுங்கள்."

"எரிக்கலாம். முதலில் கதையைச் சொல்லுங்கள், அக்கா."

சௌந்தரவல்லி சொன்னாள். பத்மாசனி என்ற மருமகள். வெளியூர்ப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைக்கிறது. வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. ஒருநாள் விடிகாலையில் டிரங்குப் பெட்டியோடு கிளம்பிவிடுகிறாள். பஸ் வருகிறது. படியில் கால் வைக்கிறாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. இறங்கி வீட்டுக்கு ஓடுகிறாள். பஸ் போய்விடுகிறது.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

யோகாம்பாள் அன்று பகல் முழுவதும் அதைப் படித்தார். பாலைப் பற்றி எந்தப் பக்கத்திலும் ஒரு வார்த்தை இல்லை. பத்மாசனி பஸ் படியில் கால் வைக்கிறாள். அதற்குக் கீழே, முடிவு அடுத்த இதழில் என்று போட்டிருந்தது. பிறகு காலண்டர் அட்டைதான்.

மாலையில் சௌந்தரவல்லியைக் கூப்பிட்டுக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்.

"அடுத்த இதழ் எங்கே?"

"அந்த வாரத்தோடு மாமனார் பத்திரிகையை நிறுத்திவிட்டார், அம்மா."

"அப்படியானால் இவளை பஸ்ஸிலிருந்து இறக்கியது யார்?"

சௌந்தரவல்லி அந்தப் பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். விரலால் ஒருமுறை தடவினாள்.

"அடுப்பில் பால் இருந்ததே, அம்மா."

"எந்த வீட்டு அடுப்பில், அக்கா?"