காரணம் எழுதும் கட்டம்

“முப்பது வருஷத்துக்கு முந்தின கட்டுரை மேடம். அதுலயே என் பீங்கான் இருக்காம்!”

அரங்கசாமிக்கு மூச்சு வாங்கியது. ஏழு வருடம் உலையோடு மல்லுக்கட்டி, தணலாய்ச் சூடேற்றித் தண்ணீரில் போட்டாலும் விரிசல் விடாத பீங்கானைச் செய்தவர் அவர். காப்புரிமை கேட்டு மனுப் போட்டதுமே ஒரு கம்பெனி குறுக்கே வந்து விழுந்தது. இது புதுசே இல்லையாம்.

சோதனைக்கூடத் தலைவி ஜோசபின்தான் அவருக்கு உலை வேலை கற்றுக்கொடுத்தவர். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அளந்துதான் பேசுவார்.

“அதுல சொன்னபடி செஞ்சு பாருங்க சார்.”

கட்டுரையின் பிரதி அலமாரியிலேயே இருந்தது. அதோடு பதிவேட்டையும் நகர்த்தினார் ஜோசபின். அந்தக் கூடத்தில் ஒரு தாளை எடுத்தாலும் பெயர், தேதி, காரணம் எழுதியாக வேண்டும்.

காரணம் என்ற கட்டத்தில் அரங்கசாமி அழுத்தி எழுதினார்: ‘பொய் என்று காட்ட.’

மூன்று முறை சுட்டார். மூன்றும் தண்ணீர் பட்டதுமே பிளந்தன. சில்லுகளைத் தட்டில் அள்ளிக்கொண்டு மாப்பிள்ளை மிடுக்கோடு வந்து நின்றார்.

“பாத்தீங்களா மேடம்!”

ஜோசபின் சில்லுகளைப் பார்க்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, அவர் எழுதியதைத் தொட்டுக் காட்டினார்.

“உடையணும்னு வேண்டிக்கிட்டே சுட்டிருக்கீங்க. யாரு நம்புவா?”

அரங்கசாமியின் முகம் தொங்கிப்போயிற்று.

“உடையக் கூடாதுன்னு நினைக்கிறவங்க யாரு சார்?”

ஜோசபின் எழுதிக் கேட்டதும், அடுத்த வாரம் கம்பெனியின் நிபுணர் வசுந்தரா வந்து சேர்ந்தார். கெட்டிக்காரர். அதே கட்டுரை, அதே உலை. ‘உண்மை என்று காட்ட’ என்று அழகாகக் காரணம் எழுதிவிட்டு வேலையில் இறங்கினார்.

முதல் துண்டு பிளந்தது. இரண்டாவதும் பிளந்தது. ஒரு கிராம்கூடப் பிசகாமல் கலந்த மூன்றாவதும் பிளந்தது.

அரங்கசாமி மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். விடை நாக்கு நுனியில் துடித்தது.

ஐந்தாம் நாள் வசுந்தரா கட்டுரையை முன்னும் பின்னும் புரட்டினார்.

“பொடி சரி, சூடும் சரி. எத்தனை மணி நேரம் ஆறவைக்கணும்னு ஒரு வரிகூட இல்லையே.”

கட்டுரையை மூடி வைத்தார்.

“சாரோட மனுவில அந்தக் கணக்கு இருந்துச்சு மேடம். அதைக் கொஞ்சம் தர்றீங்களா?”

அரங்கசாமி துள்ளிக்கொண்டு வாயைத் திறந்தார். ஜோசபின் கையமர்த்தினார். மனுவை எடுத்து, நாலாம் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். பக்கத்தில் பதிவேடு.

வசுந்தரா பெயர் எழுதினார். தேதி எழுதினார். பேனா நின்றது.

நிமிர்ந்து பார்த்தார். எதிரே அரங்கசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பெருமையில் கண் கலங்க நின்றிருந்தார்.

வசுந்தரா குனிந்து நிதானமாக எழுதினார்:

‘கட்டுரையில் இல்லை.’