துளையில்லாத விரிப்பு

மழை பிந்தி வருகிற ஒரு காட்டில், மலைச்சரிவில் வளை தோண்டி வாழ்ந்தது ஊசியன் என்னும் முள்ளம்பன்றி. நல்ல உழைப்பாளிதான். ஆனால் எதையும் தன் முள்ளால் குத்திப் பார்த்தால்தான் அதற்கு நம்பிக்கை வரும். பலா பழுத்ததா? குத்திப் பார்க்கும். மண் இளகியதா? குத்திப் பார்க்கும். விருந்துக்கு வந்த ஆமையின் ஓட்டைக்கூட ஒருமுறை குத்திப் பார்த்தது என்றால் பாருங்களேன்!

அதன் மனைவி பூமுள்ளி தலைப்பிரசவத்துக்கு மலைக்கு அந்தப்புறம் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தது. புறப்படும்போது இப்படிச் சொன்னது:

"போன வருஷம் நம் வள்ளிக்கிழங்குத் தோட்டத்தைக் களை மூடிவிட்டது. ஒரு கிழங்கு தேறவில்லை. பிள்ளை பெற்றவள் பட்டினி கிடக்க முடியுமா? இந்த மழைக்குக் கொடி தழைத்தால் சொல்லி அனுப்புங்கள். மறுநாளே குட்டியோடு வந்துவிடுகிறேன். தழைக்காவிட்டால் அம்மா என்னை விடவே மாட்டாள்."

பூமுள்ளி போனதிலிருந்து ஊசியனுக்குத் தின்ற காய் ருசிக்கவில்லை. வளைக்குள் ஒற்றையாகப் படுக்கவும் பிடிக்கவில்லை.

ஒருநாள் மைனா பறந்து வந்தது. "ஊசியா, உனக்குக் குட்டி பிறந்திருக்கிறது!"

"அப்படியா! மூக்கு யாரைப் போல?"

"உன் மூக்கேதான், பாவம்!"

ஊசியன் சிரித்தது, கூடவே கண்ணீரும் வந்துவிட்டது. அந்த மூக்கை எப்போது பார்ப்போம் என்று அன்றே ஏங்கத் தொடங்கிவிட்டது.

'இந்த முறை ஒரு களைகூடத் தலைகாட்டக் கூடாது. மண்மேல் விரிப்பு விரித்து, அதில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு கொடியாக நட்டுவிடுவேன்' என்று அது முடிவு செய்தது.

ஊசியன் விரிப்புத் தேடும் செய்தி கேட்டுத் தூக்கணாங்குருவி ஒரு விரிப்பைக் கொண்டு வந்தது. பனைநாரில் நெருக்கமாக நெய்த விரிப்பு.

"இதைப் போடு. களைக்கு வெளிச்சம் கிடைக்காது, எழுந்திருக்காது. மழை மட்டும் இடுக்கு வழியே இறங்கும்" என்றது குருவி.

ஊசியன் முதுகைச் சிலிர்த்து ஒரு குத்துக் குத்தியது. முள் சுலபமாக உள்ளே போய்விட்டது.

"என்ன இது, சல்லடையா? என் முள்ளே நுழைகிறது, களை நுழையாதா?"

"உன் முள்ளின் பலம் புல்லுக்கு ஏது? நுழைய வேண்டியது நுழையத்தானே இடுக்கு விட்டிருக்கிறேன்!"

"என் குட்டி வரப்போகிறது. எனக்கு ஓட்டைச் சாமான் வேண்டாம்!"

குருவி கோபித்துக்கொண்டு போய்விட்டது.

இதையெல்லாம் புதருக்குள்ளிருந்து நரி கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ காட்டில் விட்டுப்போன கறுப்புத் தார்ப்பாய் ஒன்றை அது இழுத்து வந்தது.

"மாப்பிள்ளை, இதைக் குத்திப் பார்!"

ஊசியன் குத்தியது. முள் வழுக்கியது. ஓடிவந்து குத்தியது. முள்தான் ஒடிந்தது.

"ஆகா! இதுவல்லவோ விரிப்பு! இதற்கு என்ன வேண்டும், கேள்."

"பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு ஒரு நல்ல வளை தோண்டிக் கொடு, போதும்."

மூன்று நாள் முதுகொடிய வளை தோண்டிக் கொடுத்தது ஊசியன். பிறகு தார்ப்பாயை விரித்து, தண்டு நுழையும் அளவுக்கு மட்டும் பல்லால் கடித்து ஓட்டை போட்டுக் கொடிகளை நட்டது.

மழை வந்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது! தோட்டத்தில் ஒரு களை இல்லை. ஊசியன் குதித்துக் குதித்து ஆடியது.

ஆனால் கொடிகள் வாடின.

"புதுக்கொடி அப்படித்தான் வாடும், தேறிவிடும்" என்றது நரி, புது வளைக்குள் காலை நீட்டிப் படுத்தபடி.

ஊசியனும் நம்பியது. 'மழைதான் இப்படிப் பெய்கிறதே, தண்ணீருக்கு என்ன குறை?' என்று சும்மா இருந்துவிட்டது.

மழைக்காலம் முடிந்தது. கொடிகள் சருகாயின. பதறிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால், அடியில் மண் கோடைப் புழுதியாகக் கிடந்தது. பெய்த மழையெல்லாம் தார்ப்பாய்மேல் வழிந்து பள்ளத்துக்கு ஓடியிருக்கிறது! தலையில் அடித்துக்கொண்டு அழுதது ஊசியன்.

அந்த நேரம் பார்த்து மைனா வந்தது.

"ஊசியா, குட்டிக்கு முள் கெட்டிப்பட்டுவிட்டது. நடக்கிறது, ஓடுகிறது. 'அப்பா எப்படி இருப்பார்?' என்று ஓயாமல் கேட்கிறது. பூமுள்ளி மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். வரலாமா?"

ஊசியன் சருகான கொடிகளைத் திரும்பிப் பார்த்தது.

"அடுத்த மழைக்கு வரச் சொல்."

"அடுத்த மழைக்கா! குட்டிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அப்பா சுகமாக இருக்கிறார் என்று சொல்." சொல்லிவிட்டுத் தலையை ஆட்டியது ஊசியன். "வேண்டாம், பொய் எதற்கு? உன்னைப் பார்க்காமல் அப்பா அழுகிறார் என்றே சொல்."

மைனா மலைக்கு அந்தப்புறம் பறந்து போயிற்று.

நீதி: வேண்டாததைத் தடுப்பதிலேயே கண்ணாக இருப்பவன், வேண்டியதையும் சேர்த்தே தடுத்துவிடுவான்.