கன்றைச் சுற்றிய வட்டம்

மேற்கு மலையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரம், யானை என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று அறை, ஒரு மாட்டுக் கொட்டகை, பக்கத்தில் வற்றிப்போன ஓர் ஊற்று. அவ்வளவுதான் மடம்.

மடத்துக்குத் தலைவி தவசியம்மை. வயது நாற்பத்து நான்கு. சீடர்கள் ஐந்து பேர். அதில் குழந்தைவேலு என்பவர் அம்மையைவிட இருபது வயது மூத்தவர். தாடியும் அவருக்குத்தான் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் நேரே போய் அவர் காலில்தான் விழுவார்கள். அவர் பதறிப்போய், "நான் இல்லீங்க, அம்மா அங்க" என்று கொட்டகைப் பக்கம் கையைக் காட்டுவார். அம்மை அங்கே சாணி அள்ளிக்கொண்டிருப்பார்.

குழந்தைவேலு மடத்துக்கு வந்த கதை சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். முப்பது வயதில் அவர் மேஸ்திரி. மடத்துக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவு முழுக்கச் சீகை மரம் நட்டது அவருடைய ஆட்கள்தான். இது சீகைக்காய் இல்லை, கடல் கடந்து வந்த மரம். தோல் பதனிட அதன் பட்டை ஆகும் என்று மேலதிகாரிகள் சொன்னார்கள், இவர் நட்டார். மரம் என்னவோ கிடுகிடுவென்று வளர்ந்தது. அது தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி, இருபது வருஷத்தில் ஊற்று நின்றுபோனது.

கீழே அவருடைய ஊரில் பெண்கள் தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்தார்கள். அவர் மனைவியும் நடந்தாள். "நீங்க வச்ச மரம்தானே" என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அவள் போய்ச் சேர்ந்த பிறகு கதவைச் சாத்திவிட்டு மலையேறி வந்துவிட்டார்.

வந்த அன்று அவர் கேட்டது ஒன்றுதான்.

"என் கையால கெட்டதை என் கையாலயே சரி பண்ணணும். வழி சொல்லுங்க."

"பிடுங்குங்க" என்றார் தவசியம்மை.

பெரிய மரங்களை ஊர்க்காரர்கள் விறகுக்கு வெட்டிக்கொண்டார்கள். சீகை அத்தோடு விடுகிற சாதி இல்லை. மண்ணுக்குள் கிடக்கும் விதை ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். பிடுங்கினால் பக்கத்தில் முளைக்கும். மூன்று வருஷம் குழந்தைவேலு குனிந்தது குனிந்தபடியே இருந்தார். இடுப்பு விட்டுப்போனது.

வருஷத்துக்கு ஒருதரம் நிமிர்ந்து கேட்பார்.

"எப்போம்மா நடலாம்?"

"சரிவுல நட வேண்டாம்."

"இந்த வருஷம் வேண்டாம். சரி. எப்போ?"

"பிடுங்குங்க வேலய்யா."

மூன்றாவது வருஷம் வைத்தியர் அவர் நெஞ்சைப் பார்த்துவிட்டு, மலை ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். அன்று குழந்தைவேலுவுக்குப் பயம் வந்தது. ஒரு காலத்தில் மலையையே நட்ட கை. அது இப்படிப் பிடுங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுமோ என்று பயந்தார். அம்மைக்கு நடுகிற வேலை தெரியாது, அதனால்தான் தள்ளிப்போடுகிறார் என்றும் ஒரு நினைப்பு உள்ளே ஓடியது.

கொட்டகைக்குப் பின்னால் பைகளில் கன்று வளர்க்கத் தொடங்கினார். அயல் மரம் ஒன்றுகூடக் கிடையாது. காட்டு நாவல், செண்பகம், காட்டு இலவங்கம். எல்லாம் பள்ளத்துச் சோலையில் அவரே பொறுக்கி வந்த விதை.

ஆனி மாதம் அம்மை வெளியூர் போனார். திரும்பிவரப் பத்து நாள் ஆகும். மழையும் பிடித்துக்கொண்டது. இருநூறு கன்றையும் சரிவில் நட்டு முடித்துவிட்டார் குழந்தைவேலு. மேஸ்திரிக்கு வேலை மறக்குமா? கயிறு பிடித்த வரிசை. ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் இரண்டு முழத்துக்குக் களை பறித்து, மண்ணைக் கொத்திவிட்டு, வட்டப் பாத்தி. பறித்த களையைச் சரிவோரம் குவித்து வைத்தார். அந்தப் பத்து நாளும் அவருக்கு இடுப்பு வலிக்கவே இல்லை.

அம்மை வந்ததும், கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே கூட்டிப்போனார்.

"சொல்லாம செஞ்சது தப்புதான். ஆனா பாருங்கம்மா. எல்லாம் நம்ம மலை மரம்."

தவசியம்மை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சரிவோரம் போய், களைக் குவியலிலிருந்து ஒரு கொத்துப் புல்லை எடுத்தார். வேரை உதறினார். முதல் வட்டத்துக்குத் திரும்பி வந்து, கன்றுக்குப் பக்கத்தில் விரலால் குழி தோண்டி, அதை நட்டார். அடுத்த கொத்தை எடுக்கப் போனார்.

குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வந்தது.

"அம்மா, அது களை."

அம்மை இரண்டாவது கொத்தை நட்டார். மூன்றாவதை நட்டார். மழை தூறியது. குழந்தைவேலுவின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இதை யார் நட்டது, வேலய்யா?"

"யாரும் நடலையே. தானா வந்தது."

"எப்போ?"

"இந்த வருஷம்தான். சீகை ஒழிஞ்ச எடத்துல எல்லாம் தலை காட்டுது."

"சீகைக்கு முன்னாடி இந்தச் சரிவு எப்படி இருந்தது?"

"மொட்டையா இருந்தது."

"பாறையா?"

"இல்லம்மா. புல்லு. இடுப்பு உசரம் நிக்கும்."

"மரம்?"

"மரமெல்லாம் பள்ளத்துல. சரிவுல பேருக்குக்கூட ஒண்ணு கிடையாது. அதனாலதானே மொட்டைன்னாங்க."

"நீங்க நட்ட சீகைக் கன்றுக்குத் தண்ணி எங்கேருந்து எடுத்தீங்க?"

குழந்தைவேலு ஊற்று இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஊத்துல" என்றார் கடைசியில். "சித்திரையிலகூட ஓடிச்சு."

அம்மை அடுத்த கொத்தை எடுக்கப் போனார். குழந்தைவேலு சரிவைப் பார்த்தார். இருநூறு வட்டம். ஒவ்வொன்றிலும் வெறும் மண். மூன்று வருஷம் முதுகு ஒடிய வேலை பார்த்து, வர வேண்டியது வந்து நின்றபோது, அதையும் தன் கையாலேயே பறித்துக் குவித்திருந்தார். அவமானத்தில் காது சுட்டது. அவமானம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சரிவுல நட வேண்டாம்னு சொன்னேனே."

"ஏன்னு சொல்லலையே."

"எப்போன்னுதான் கேட்டீங்க."

குழந்தைவேலு உட்கார்ந்தார். ஒரு கொத்துப் புல்லை எடுத்து நட்டார். பழகிய கை, சட்டென்று நட்டது.

"இந்தக் கன்றையெல்லாம் என்ன பண்றது?"

"பள்ளத்துல, சோலை ஓரமா வச்சா பாதி பொழைக்கும்."

"நான் வைக்கிறேன்."

"இந்த மழையில அங்க இறங்கினா உங்க நெஞ்சு தாங்காது. மத்தவங்க வைப்பாங்க. நீங்க இங்கேருந்து எடுத்துக் குடுத்தா போதும்."

மற்ற நான்கு சீடர்களும் கூடையோடு வந்தார்கள். குழந்தைவேலு மண்ணோடு பெயர்த்துக் கொடுக்க, அவர்கள் இறக்கிக்கொண்டு போனார்கள். முதல் வரிசை காலியானது. இரண்டாவது வரிசை காலியானது. பொழுது சாய்வதற்குள் சரிவு கிட்டத்தட்ட முழுக்க வெறிச்சென்று ஆகிவிட்டது. கடைசி வரிசையில் ஒரு செண்பகம். நட்ட பத்து நாளில் புதுத் தளிர் விட்டிருந்தது. அதன் முன்னால் அவர் கை நின்றுவிட்டது.

"இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்மா."

அம்மை கையில் புல்லோடு நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எத்தனை நாளைக்கு இருப்பேன்னு தெரியாது. புல்லு தானா வந்தது. கன்றை மத்தவங்க வைக்கிறாங்க. இந்த மலையில, நான் நட்டதுன்னு சொல்ல ஒண்ணே ஒண்ணு நிக்க வேண்டாமா?"

சேறு ஒட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தவசியம்மை கையிலிருந்த புல்லைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்க நட்டது நின்னதாலதானே வேலய்யா, இங்க வந்தீங்க" என்றார்.