பெரிய ஹாலுக்கு மாற்றிய அட்டை

நல்லசிவத்துக்கு ஐம்பது வயதில்தான் ஆசிரியர் கிடைத்தார். அந்த ஆசிரியர் பிருந்தா, நல்லசிவத்தைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். செல்போன் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று யோசிப்பது பிருந்தாவின் வேலை. கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்த நல்லசிவம் அவரிடம் அதைக் கற்றுக்கொண்டார். பிருந்தா இவரை அண்ணா என்பார். இவர் பிருந்தாவை டீச்சர் என்பார். டீச்சரைவிடச் சீடருக்குத்தான் நரை ஜாஸ்தி என்று நண்பர்கள் சிரிப்பார்கள். நல்லசிவமும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வருஷம் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கேம்ப் நடந்தது. கணினிக்காரர்களும் வடிவமைப்பாளர்களும் கூடுகிற ஒருநாள் கூட்டம். சிறப்பு விருந்தினர் கிடையாது, பொன்னாடை கிடையாது. காலையில் வாசல் சுவரில் பெரிய தாள் ஒன்றை ஒட்டுவார்கள். அதில் அறைகளும் நேரமும் கட்டம் கட்டமாக இருக்கும். பேச வேண்டியதை ஓர் அட்டையில் எழுதிக் காலியான கட்டத்தில் ஒட்டிவிடலாம். யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஓர் அறையில் நடப்பது தனக்குப் பயன்படாது என்று தோன்றினால், பாதியில் எழுந்து போகலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு.

சுவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நல்லசிவத்துக்கு.

சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரில் சென்னியப்பன் என்று எழுதியிருந்தார். ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்தார். திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள்.

"வீட்டுல வாதம் வந்து பேச்சு நின்னு போச்சுங்க தம்பி. வீடியோ பார்த்துப் பார்த்து நானே இதைச் செஞ்சேன். படத்தைத் தொட்டா அது பேசும்."

"நல்லா இருக்குங்களே."

"கை நடுங்குதுங்க அவளுக்கு. தண்ணியத் தொடப் போனா பக்கத்துல இருக்கற 'வேண்டாம்' பேசிருது. நான் சொம்பை எடுத்துட்டுப் போயிர்றேன். ரெண்டு மூணு தடவை அப்படி ஆச்சு. இப்போ அவ தொடறதே இல்லீங்க. சுவத்தைப் பார்த்துட்டே படுத்திருக்கா."

நல்லசிவத்துக்கு விடை உடனே தெரிந்தது. சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சென்னியப்பன் தன் அட்டையை நீட்டினார்.

"இதை எங்கீங்க ஒட்டறது?"

எழுத்து கோணலாக இருந்தது. 'வீட்டில் பேச்சு இல்லை. கை நடுக்கம். பேசும் கருவி செய்ததில் ஒரு சந்தேகம். தெரிந்தவர் ஒருவர் வந்தால் போதும்.' மாடியில் கடைசியாக இருந்த சின்ன அறையின் கட்டத்தைக் காட்டி, அங்கே ஒட்டலாமா என்றார்.

நல்லசிவம் அட்டையை இரண்டு முறை படித்தார். இத்தனை நல்ல விஷயம் மாடி மூலையில் போய் முடங்குவதா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. புது அட்டை எடுத்தார். பத்திரிகை எழுதிப் பழகிய கை. 'குரல் இழந்தவர்களுக்கு ஒரு குரல்' என்று கரும்பச்சை மையில் எழுதினார். பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரிய ஹால் காலியாக இருந்தது. அங்கே ஒட்டினார்.

"தம்பி, எனக்குக் கூட்டத்துல பேச வராதுங்க."

"நீங்க பேசவே வேண்டாம்ங்க. நான் பார்த்துக்கறேன்."

"அந்தச் சந்தேகம்..."

"அங்கேயே கேட்டுருவோம். எல்லாரும் கேக்கட்டும்."

ஹால் நிறைந்துவிட்டது. பின்னால் நின்றவர்களும் இருந்தார்கள். நல்லசிவம் வெள்ளைப் பலகை அருகே பேனாவுடன் நின்றார். ஒருவர், நாடு முழுக்க இப்படி எத்தனை லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குச் சொன்னார். ஒருவர் இந்தியிலும் பேசினால்தான் முதலீடு வரும் என்றார். கருவிக்கு எந்தப் பெயர் கவர்ச்சியாக இருக்கும் என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த பிருந்தாவும் படங்களின் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். நல்லசிவம் எல்லாவற்றையும் எழுதினார்.

சென்னியப்பன் ஒருமுறை கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம் சார்," என்றார்கள். பிறகு ஒரு பெண் அவரிடமே கேட்டாள்.

"உங்க யூசர் யாருங்க சார்? எவ்வளவு பேரை மனசுல வெச்சுப் பண்ணினீங்க?"

"ஒருத்தர்தானுங்க."

ஹால் சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். அவர் சுற்றிலும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வரிசையில் இருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நல்லசிவம் பார்த்தார். கேம்ப் வழக்கம்தானே என்று நினைத்துப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டில் சென்னியப்பனைக் காணவில்லை. மாடியில் இல்லை, மரத்தடியில் இல்லை. நல்லசிவம் வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனார். ஈரோடு பஸ் போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்று இளநீர்க்காரர் சொன்னார். திரும்பி வந்து வாசலில் பதிவு செய்த பையனிடம் போன் நம்பர் கேட்டார்.

"நேரா வந்தவங்ககிட்ட பேர் மட்டும்தாங்க வாங்கினோம். சென்னிமலைப் பக்கம் வீட்டுக்கு ஒரு சென்னியப்பன் இருப்பாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா தெருவே திரும்பிப் பார்க்குமேங்க."

சாயங்காலம் ஹாலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பலகையில் எழுதியவை அப்படியே இருந்தன. கட்டங்கள், அம்புக்குறிகள், மூன்று பெயர்கள். பிருந்தா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்லசிவம் அருகில் போனார்.

"டீச்சர், அவர் போயிட்டாருங்க."

"ம்."

"அவர் நல்லதுக்குத்தான் பண்ணினேன். எங்கே தப்பு பண்ணினேன்?"

பிருந்தா டஸ்டரை எடுத்தார். பலகையை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை துடைத்தார். துடைத்து முடித்துப் பேனாவை நீட்டினார்.

"அவர் என்ன கேட்டாருங்கண்ணா? எழுதுங்க."

நல்லசிவம் எழுதினார். 'கை நடுங்குகிறது. தண்ணீரைத் தொட்டால் வேண்டாம் என்கிறது.'

"இது ஹால்ல வரவே இல்லையே. எப்போ கேட்டார்?"

"காலையில. சுவர்கிட்ட."

"இதுக்கு என்ன செய்யணும்?"

அவர் யோசிக்கவில்லை. கீழே எழுதினார். 'படங்களுக்கு நடுவில் இடம் விட வேண்டும். விரல் கொஞ்சம் நின்ற பிறகே பேச வேண்டும்.'

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அவர் கேட்டபோதே."

ஹாலின் கடைசியில் யாரோ ஒரு நாற்காலியைக் கீழே போட்டார்கள். பிருந்தா அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"தண்ணி கேட்டது யாரு?"

"அவர் வீட்டம்மா."

"பேரை எழுதுங்க."

நல்லசிவம் பேனாவைப் பலகை வரைக்கும் கொண்டுபோனார். பேனா அங்கேயே நின்றது. வீட்டுல என்றும் அவள் என்றும்தான் அந்த மனிதர் சொல்லியிருந்தார். மூடியைத் தேடிப் பேனாவை மூடினார்.

"உங்களுக்குத் தெரியுங்களா டீச்சர்?"

"தெரியாதுங்கண்ணா," என்றார் பிருந்தா. "கேக்கணும்னு எனக்கும் தோணலை."