போர்வைக்கடியில் ஒரு பேரம்

“கத்தியெடுக்கப் பயந்தவங்களை யாருங்க டாக்டருக்குப் படிக்க வெச்சது? நோவைத் தீருங்கன்னா குழாய் சொருகறாங்களாமா!”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் செங்கோடன் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்தார்.

யாரைத் திட்டுகிறார் என்று பெயர் சொல்லவில்லை. தேவையுமில்லை. டாக்டரம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

செங்கோடன் மாட்டுத் தரகர். தலை நரைத்துவிட்டது, கோபம் நரைக்கவில்லை. சந்தையில் முதல் விலைக்குத் தலையாட்டிய சரித்திரம் அவருக்கு இல்லை.

உள்ளே படுத்திருந்தவர் அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த நாச்சிமுத்து. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷர். எதைக் கேட்டாலும், “செங்கோடன் வரட்டும்” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

“பித்தப்பை முழுக்கச் சீழுங்க. விஷம் ரத்தத்துல கலந்துட்டிருக்கு,” என்றார் டாக்டரம்மா.

“அப்ப அறுத்து எறியுங்க.”

“மயக்க மருந்தை அவர் இதயம் தாங்காது. மேசையிலேயே போயிடுவார். விலாவுக்குக் கீழ மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே மெல்லிசா ஒரு குழாய் விடறோம். சீழ் வெளிய வடிஞ்சிடும்.”

“பித்தப்பை?”

“அது உள்ளேயே இருக்கட்டும். உடம்பு தேறினதும் ஆபரேஷனைப் பத்திப் பேசலாம். இன்னிக்கு என்னால முடிஞ்சது இவ்வளவுதாங்க.”

“எங்கிட்டயே கறார் பேசறீங்களா? முழுசா முடிச்சுத் தர ஆஸ்பத்திரி வேற இல்லையா? ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன். வந்துட்டே இருக்கு.”

“வழியிலேயே ஏதாவது ஆயிடுங்க.”

“அதை நான் பாத்துக்கறேன்.”

கிளம்புகிற மாதிரி போக்குக் காட்டினால் எதிராளி இறங்கி வருவான். ஆயுசு முழுக்கப் பலித்த வித்தை அது.

டாக்டரம்மா இறங்கவில்லை. “ஒவ்வொரு நிமிஷமும் கை மீறிப் போயிட்டிருக்குங்க,” என்று கதவைத் திறந்துவிட்டார்.

செங்கோடன் விறுவிறுவென்று கட்டிலுக்குப் போனார்.

“மாமா, கிளம்புங்க. முழுசா முடிச்சுக் கூட்டியாறேன்.”

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார். மூக்கையும் வாயையும் ஆக்ஸிஜன் மாஸ்க் மூடியிருந்தது. பேசவில்லை.

சந்தையிலும் அவர் பேசினவர் இல்லை. துண்டுக்கடியில் கையும் கையும் சந்திக்கும். விரலைத் தொட்டு விலை சொல்வார். சுற்றி நிற்கிறவனுக்கு மூச்சுக்கூடக் கேட்காது.

அந்தக் காலத்தில் அது என்ன கை! செங்கோடன் கையே அதற்குள் காணாமல் போகும். புகையிலையும் சாணியும் மழையில் நனைந்த துண்டும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். ஊரில் ஒருத்தரும் சேர்த்துக்கொள்ளாத முரட்டுப் பயலை மனுஷனாக்கியது அந்தத் துண்டுதான்.

இப்போது போர்வைக்கடியில் அந்தக் கை ஊர்ந்து வந்து செங்கோடன் கையைப் பிடித்தது. கனமே இல்லை.

“என்னங் மாமா, இங்கயுமா பேரம்?”

செங்கோடன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. கிழவர் கைக்குள் தன் ஐந்து விரலையும் விரித்தார். முழுசும் வேணும்.

கிழவர் அதில் சுண்டு விரலை மடக்கினார்.

“முடியாதுங்க.”

மோதிர விரலையும் மடக்கினார்.

“அவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு நீங்களும்…”

நடுவிரல். கட்டைவிரல். மூச்சு வாங்க வாங்க ஒவ்வொன்றாக மடக்கினார்.

ஒரு விரல் மிச்சமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

செங்கோடனுக்கு அந்தத் தை மாசச் சந்தை கண்ணில் வந்தது. ஜோடிக் காளை. “ஒண்ணு நொண்டுது. நல்லா இருக்கறதை இன்னிக்குப் பிடி. நொண்டறது தேறட்டும், அப்புறம் பேசுவோம்,” என்றான் விற்க வந்தவன். “ஜோடியாக் குடு, இல்லாட்டி வெச்சுக்க,” என்று துண்டை உதறினார் செங்கோடன். நல்ல காளையை வேறொருத்தன் ஓட்டிப் போனான். பின்னாடி மற்றதும் அவனுக்கே போயிற்று.

நாச்சிமுத்து திட்டவில்லை. வெறும் கயிற்றைச் சீடன் தோளில் போட்டுவிட்டு ஊர் வரைக்கும் கூடவே நடந்தார். சாயங்கால வெயில், புழுதி, பக்கத்தில் அவர் செருப்புச் சத்தம். அப்படி ஒருத்தர் கூட நடந்த நாள் அதற்கப்புறம் எத்தனை வந்தது?

மடியில் போன் அலறியது. ஆம்புலன்ஸ்காரன். செங்கோடன் எடுக்கவில்லை.

கிழவர் அந்த ஒற்றை விரலை இறுக்கினார். பேரம் படிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் சந்தையில் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது.

செங்கோடன் கையை உருவிக்கொள்ளவில்லை. கழுத்தை மட்டும் திருப்பி வாசலைப் பார்த்துக் கத்தினார்.

“ஏனுங் டாக்டரம்மா! அங்கென்ன வேடிக்கை? மனுஷன் வலியில துடிக்கறது தெரியலீங்களா? அந்தக் குழாயை எடுத்துட்டு வாங்க! வந்து சீக்கிரம் போட்டு உடுங்க!”