சபைக்கு வசம்பு

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு, தம் நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்னென்ன மொழி பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. நல்ல ஆசைதான். அந்த வேலையைப் போயும் போயும் மந்திரி திருமேனிராயரிடம் கொடுத்ததுதான் கேடு. அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய், "உன் மொழி எது?" என்று அரண்மனை மொழியிலேயே கேட்டார்கள். கேள்வி புரியாமல் விழித்தவர்களையெல்லாம் 'ஊமை' என்று எழுதிக்கொண்டார்கள். ஏரிக்குக் கீழே இருந்த பள்ளத்து ஊர்கள் முழுக்க இப்படி ஊமையாகிவிட்டன!

அரசர் உருகிப்போனார். "பேச்சு வரக் குழந்தை நாக்கில் வசம்பு தேய்க்கிறோமே, அதையே நாட்டிலுள்ள ஊமைகள் எல்லாருக்கும் தேய்க்க வேண்டும். எவர் மறுத்தாலும் விடக்கூடாது. இது நம் ஆணை."

விகடகவி சீராளன் மேல் மந்திரிக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். பள்ளத்தில் நன்றாக உதை வாங்கட்டும் என்று அவனையே வசம்போடு அனுப்பிவைத்தார்.

சீராளனுக்கோ பள்ளத்து மொழி தெரியும். அவன் மாமியார் வீடே அங்கேதான். முதலில் எதிர்ப்பட்ட சடைச்சி என்பவள் வசம்பைப் பிடுங்கி எறிந்தாள்.

"போன மழைக்கு மதகைத் தெறக்கப் போறோம்னு உங்க பாஷையில தண்டோரா போட்டீங்க. ஏதோ திருவிழான்னு சும்மா இருந்துட்டோம். எம் புருசன வெள்ளம் கொண்டுபோச்சு. இப்பவும் ஏரி தளும்பி நிக்குது. எங்க நாக்குல என்னய்யா குறை?"

சீராளன் அவள் எறிந்த வசம்பைப் பொறுக்கி எடுத்துக்கொண்டான்.

நேரே சபைக்கு வந்தான். மந்திரியிடம் பள்ளத்து மொழியில் ஏதோ கேட்டான். அவர் திருதிருவென்று விழித்தார். உடனே தாடையைப் பிடித்து, நாக்கில் வசம்பை அழுத்தித் தேய்த்துவிட்டான். அடுத்தடுத்து இருந்த பிரபுக்களுக்கும் அதே கேள்வி, அதே வசம்பு. சபையே துப்பிக்கொண்டு நின்றது. கடைசியாக அரசரிடம் வந்து கேட்டான்.

"என்ன கேட்கிறாய்? ஒன்றும் புரியவில்லையே!" என்றார் அரசர்.

"'உன் மொழி எது?' என்று கேட்டேன், அரசே. புரியாதவர்களைத்தான் மந்திரியார் ஊமை என்று எழுதியிருக்கிறார். ஊமைக்கு வசம்பு என்பது தங்கள் ஆணை. நாக்கை நீட்டுங்கள்."

மந்திரியின் முகம் போன போக்கைப் பார்த்து அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். சீராளன் கை நீட்டவில்லை.

"மாலை இருக்கட்டும். தண்டோராக்காரனை என்னோடு அனுப்புங்கள். மதகு திறப்பதை அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். போன முறை சொல்லாததால் ஒருத்தி தாலியறுத்து நிற்கிறாள்!"

அரசரின் சிரிப்பு நின்றது.

அன்று சடைச்சியும் ஊராரும் மாடு கன்றுகளோடு மேட்டில் ஏறி நின்ற பிறகுதான் மதகைத் திறந்தார்கள். வெள்ளம் கூரை வரைக்கும் வந்தது. ஓர் உயிரும் போகவில்லை.