மெய்யப்பன் கட்டிய கணப்பு

"சாமி, என் கணப்புல ஒரு குறையும் இல்ல. அந்த உள்ளறைதான் சரியில்ல."

மெய்யப்பன் வேறெப்படிச் சொல்வான்? மலைமேல் இருந்த அந்த மடத்துக்குக் குளிர்காயக் கணப்பு கட்டியவன் அவன்தான். கல் சுமந்தது, மண் குழைத்தது, புகைபோக்கி எழுப்பியது எல்லாம் அவனே. கூடத்தில் உட்கார்ந்தால் மார்கழியிலும் வியர்க்கும். யாராவது பாராட்டினால் "எல்லாம் சாமி அருள்" என்பான். கை மட்டும் மீசைக்குப் போகும்.

உள்ளறைக்குள் போனால் பல் தந்தியடிக்கும். அங்கே இளைப்போடு படுத்திருந்தார் மூத்த சீடர் சிவக்கொழுந்து. குளிர் குறையாவிட்டால் விடிந்ததும் அவரை டோலியில் மலையிறக்கிவிடச் சொல்லியிருந்தார் வைத்தியர். போனால் திரும்பி ஏறிவரும் வயதில்லை.

"என்ன செஞ்சே?" என்றார் மடத்தின் குரு அருளாண்டி சாமி.

"சன்னலுக்குச் சாக்கு அடைச்சேன். கூரைக்கு வைக்கோல் போட்டேன். விறகை ரெண்டு மடங்கு ஆக்கினேன்."

"அப்புறம்?"

"கூடம்தான் இன்னும் சுடுது."

சாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தூபக்காலில் கனல் அள்ளி, சாம்பிராணி தூவி, கணப்பின் முன்னே வைத்தார். பிறகு போய்ப் பீடத்தில் உட்கார்ந்தார்.

"புகை எங்க போகுதுன்னு பாரு."

புகை உள்ளறைப் பக்கம்தான் நகர்ந்தது. பீடத்தின் ஆளுயரச் சாய்பலகையில் முட்டியது. மேலே ஏறிக் கூடத்துக்கே திரும்பியது.

பலகைக்குப் பின்னால்தான் உள்ளறையின் வாசல். குருவுக்கு நேரே சூடு படட்டும் என்று பீடத்தை அங்கே போட்டவனும் மெய்யப்பனே. அன்றிலிருந்து எல்லோரும் புழக்கடை வழியாகச் சுற்றிப் போய்வந்தார்கள். கும்பிடுகிற பொருளைத் தடையென்று நினைக்க யாருக்குத் தோன்றும்?

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சாமி."

"அப்ப செய்."

மெய்யப்பன் நகரவில்லை. பீடத்தில் இருப்பவரை எழுப்புவது அந்த மடத்தில் வழக்கமே இல்லை. அவராக எழுந்தால் உண்டு. அவரோ சம்மணம் போட்டு, நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நீங்களா எழுந்திரிச்சா..."

"நான் ஏன் எழுந்திரிக்கணும்? எனக்குக் குளிரலையே."

உள்ளே இருமல் கிளம்பியது. நிற்கவில்லை.

மெய்யப்பன் சாமியின் எதிரே வந்து நிமிர்ந்து நின்றான்.

"எழுந்திரிங்க சாமி. நீங்க உக்காந்திருக்கிறதாலதான் அவருக்குக் குளிருது."

கூடத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

சாமி துள்ளி எழுந்தார். முகமெல்லாம் பெருமை. பீடத்தின் ஒரு முனையைத் தாமே பிடித்துக்கொண்டு, உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சிவக்கொழுந்து! கணப்பு இப்பத்தான்யா கட்டி முடிஞ்சுது!"